மதுரையில் ஒரு நாள் சுற்றுவதும் சுங்குடி வாங்குவதும்

மதுரைக்கு முதல் தடவை போகிறவர்கள் வழி தெரியாமல் முழிப்பார்கள். தமிழ் மாதப் பெயர் தெரிந்தால் போதும், முழிக்க வேண்டியதே இல்லை. நடுவில் மீனாட்சி அம்மன் கோயில். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலை விட்டு வெளியே வந்தால் சித்திரை வீதி. அதற்கு அடுத்து ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. எல்லாமே சதுரம் சதுரமாகக் கோயிலைச் சுற்றி வரும். ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நாலு பக்கம் உண்டு. "தெற்கு மாசி வீதி" என்று யாராவது சொன்னால், கோயிலுக்குத் தெற்கே, மாசிச் சதுரத்தில் என்று உடனே புரிந்துவிடும்.

சாமி ஊர்வலம் வருகிற மாதத்தை வைத்துத்தான் இந்தப் பெயர்கள். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள், சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில்! மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினாராம், தெருவின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வெளி வீதிக்கு மாதம் கிடையாது. பிளாக்பர்ன் கலெக்டர் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்ததில் வந்த வீதி அது.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மதியம் 12.30 மணிக்கு நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். 2018-இல் கோயிலுக்குள் தீ விபத்து நடந்தது. அதிலிருந்து செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது, வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மொத்தம் 14 கோபுரம், தெற்குக் கோபுரம்தான் உயரம். ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணினால் 985 தூண்தான் வரும். (நான் எண்ணவில்லை, அம்மா விடவில்லை.)

நடை சாத்துகிற நேரத்தில் திருமலை நாயக்கர் மகால் பார்த்துக்கொள்ளலாம், நடக்கிற தூரம்தான். 1636-இல் கட்டியது. நாம் பார்ப்பது நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள். அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குத் தலைநகரை மாற்றியபோது பலதைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தூணைக் கட்டிப்பிடிக்க எங்கள் வகுப்பில் மூன்று பேராவது வேண்டும்!

வெயிலுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கலாம். பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். வேறு சாப்பாடே வேண்டாம், வயிறு நிறைந்துவிடும்.

இனி துணி. மதுரைக்கும் துணிக்கும் ரொம்பப் பழக்கம். 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் மேல்சட்டையை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறியது மேல மாசி வீதியில் ஒரு வீட்டில்தான். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த துணியில் ஒரு பகுதி, ரத்தக் கறையோடு, காந்தி மியூசியத்தில் இருக்கிறது. அது ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை. அதன் முன்னால் நின்றபோது யாரும் பேசவில்லை.

மதுரைக்கே உரிய துணி சுங்குடி. சௌராஷ்டிர மக்கள் நாயக்கர் காலத்தில் இங்கே வந்து தங்கியபோது கொண்டுவந்த கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வெள்ளைப் பருத்தித் துணியில் துளித் துளியாகக் கிள்ளி எடுத்து நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். அப்புறம் சாயத்தில் முக்குவார்கள். கட்டின இடத்தில் சாயம் ஏறாது. காய்ந்த பிறகு நூலை எடுத்தால் அங்கே வெள்ளைப் புள்ளி நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு! வீட்டு வேலைக்கு நடுவில் பெண்கள்தான் இதைப் போடுவார்கள். நாள் நிறைய ஆகும், கூலி கொஞ்சம். அதனால் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இப்போது கடைகளில் சுங்குடி என்று தொங்குவதில் பெரும்பாலும் அச்சுப் போட்டதுதான்.

எங்கள் அக்கா கல்யாணத்துக்கு முடிச்சுச் சேலை ஒன்றாவது எடுக்க வேண்டும் என்று அம்மா ஆறு மாதமாகக் காசு சேர்த்தார். முதல் கடையில், "வாங்கக்கா, எல்லாமே ஒரிஜினல்" என்று விரித்துப் போட்டார்கள். அம்மா ஒன்றுமே பேசாமல் சேலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அடுத்த கடையில் ஒரு வயதான தாத்தா. "ஐயா, முடிச்சு எது, அச்சு எதுன்னு சொல்லிட்டு விலையைச் சொல்லுங்க" என்று அம்மா கேட்டதும் சிரித்துவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு, ஸ்கேல் வைத்த மாதிரி வரிசை. பின்பக்கம் நிறம் மங்கல். முடிச்சுப் புள்ளி ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, கொஞ்சம் கோணல். சாயம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. தடவினால் கட்டின இடத்தில் சின்னச் சுருக்கம் தட்டுப்படும். "கை போட்டதுன்னா கோணும்மா, கோணாததுக்கு எதுக்கு அதிக விலை?" என்றார் தாத்தா. அச்சுச் சேலை மட்டம் இல்லை, தினமும் கட்ட நல்லது. அச்சுக்கு முடிச்சின் விலையைக் கொடுப்பதுதான் நஷ்டம்.

அம்மா அத்தைகளுக்கு அச்சில் இரண்டும், அக்காவுக்கு அரக்கு நிறத்தில் முடிச்சுச் சேலை ஒன்றும் எடுத்தார். வளையலுக்கு வைத்திருந்த காசும் அதிலேயே போய்விட்டது. முதல் தடவை தனியாக உப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப் போடச் சொன்னார் தாத்தா. தண்ணீர் கொஞ்சம் சிவந்தது, புள்ளிகள் வெள்ளையாகவே இருக்கின்றன.