வலியை அடக்கும் மனோவசியம்!

ஜெயில் ஆஸ்பத்திரி. ஒரு கைதி வலியால் துடித்துக்கொண்டு இருந்தான்.

அவனுக்கு விரைவீக்க நோய். தேங்கி இருந்த நீரை டாக்டர் வெளியே எடுத்துவிட்டு, உள்ளே மருந்து செலுத்தி இருந்தார். அந்த மருந்துதான் நெருப்பாக எரித்தது.

எதிரே நின்ற டாக்டர் யோசித்தார். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்யும் வழக்கம் அப்போது உலகத்தில் பரவவில்லை. ஆனால், "மெஸ்மெரிசம்" என்ற ஒரு முறையைப் பற்றி அவர் படித்து இருந்தார். படித்தாரே தவிர, அதை யாரும் செய்து அவர் நேரில் பார்த்தது இல்லை. அதைச் செய்து பார்க்க முடிவு செய்தார்.

கைதியின் எதிரே உட்கார்ந்தார். உடம்பைத் தொடாமல், மேலிருந்து கீழாகக் கைகளை மெதுவாக அசைத்தார். திரும்பத் திரும்ப அசைத்தார். நேரம் போயிற்று. கைதியின் முனகல் நின்றது. அவன் தூங்குகிறவனைப்போல ஆனான். ஊசியால் குத்திப் பார்த்தார்கள். அவன் அசையவில்லை!

இது கதை அல்ல. 1845-ம் ஆண்டு ஏப்ரல் 4-ந் தேதி, வங்காளத்தில் உள்ள ஹூக்ளி நகரில் நடந்தது. அந்த டாக்டரின் பெயர் ஜேம்ஸ் எஸ்டெயில். ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டராக இங்கு வந்தவர்.

73 ஆபரேஷன்கள்

சில நாட்களில் அதே கைதிக்கு, இதே முறையில், வலி இல்லாமல் மறுபக்கமும் சிகிச்சை செய்தார். அதன்பிறகு எஸ்டெயிலின் பெயர் பரவியது. பெரிய பெரிய கட்டிகளை உடைய நோயாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். எட்டு மாதங்களில், வலி தெரியாமல் 73 ஆபரேஷன்கள் செய்ததாக அவர் எழுதி வைத்தார்.

1846-ம் ஆண்டு நவம்பர் மாதம், கல்கத்தாவில் இதற்காகவே ஒரு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

ஆனால், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்புதான் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில், "ஈதர்" மருந்து கொடுத்து வலி இல்லாமல் ஆபரேஷன் செய்து காட்டி இருந்தார்கள். மறு ஆண்டு "குளோரோபாரம்" வந்தது. சில நிமிடங்களில் மயக்கம் தரும் மருந்து இருக்கும்போது, மணிக்கணக்கில் கையை அசைத்துக்கொண்டு இருப்பது யார்? எஸ்டெயிலின் முறை மெல்ல மெல்ல மறைந்தது.

சக்தி எங்கே இருக்கிறது?

டாக்டரின் கைவிரல்களில் இருந்து ஏதோ ஒரு சக்தி பாய்கிறது என்று மெஸ்மெரிசக்காரர்கள் நம்பினார்கள். அது தவறு.

அதைத் தெளிவுபடுத்தியவர் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட் என்ற டாக்டர். "கையில் ஒன்றும் இல்லை. நோயாளி தன் மனதை ஒரே இடத்தில் குவிப்பதால்தான் இந்த நிலை ஏற்படுகிறது" என்பது அவருடைய முடிவு. 1843-ம் ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகத்தின் மூலம் பரவிய பெயர்தான் "ஹிப்னாடிசம்". தமிழில் மனோவசியம் என்கிறோம்.

ஆக, சக்தி டாக்டரிடம் இல்லை. நோயாளியின் மனதில் இருக்கிறது!

தீராத வலி

ஆபரேஷன் வலிக்கு மயக்க மருந்து வந்துவிட்டது. ஆனால், மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடரும் வலிக்கு என்ன செய்வது? முதுகு வலி, மூட்டு வலி, ஒற்றைத் தலைவலி, நரம்பு வலி, தீராத வயிற்று வலி ஆகியவற்றுக்காக ஒருவரை நாள் முழுவதும் மயக்கத்தில் வைத்திருக்க முடியுமா?

இந்த வலிகளில் இன்னொரு துன்பமும் உண்டு. சோதித்துப் பார்த்தால் சில சமயம் ஒன்றும் தெரியாது. "படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார்கள். உடனே வீட்டில் உள்ளவர்கள், "வேலை செய்யப் பிடிக்கவில்லை, நடிக்கிறாள்" என்று பேசத் தொடங்குவார்கள். வலியைவிட அந்தச் சொல் அதிகம் சுடும்.

ஆனால், அவள் நடிக்கவில்லை. வலி உண்மையானது.

குரைக்கும் நாய்

வீட்டு நாயை எடுத்துக்கொள்ளுங்கள். திருடன் வந்தால் குரைக்கிறது. நம்மை எழுப்புகிறது. அது நல்லது. வலியும் அப்படித்தான். உடம்பில் எங்கோ கெடுதல் என்று எச்சரிக்கிறது.

சில சமயம், திருடன் ஓடிப்போன பிறகும் நாய் விடிய விடியக் குரைக்கும். தீராத வலிகளில் பல அந்த வகையைச் சேர்ந்தவை. காயம் ஆறிவிடும். ஆனால், நரம்புகளும் மூளையும் அபாயச் செய்தியை நிறுத்துவதில்லை.

வலியை முடிவில் உணர்வது மூளைதான். கபடி ஆடுகிறவனுக்கு முழங்கால் கிழிந்தது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. காயம் அப்போதே பட்டது. மனம் வேறு இடத்தில் இருந்ததால், வலி தெரியவில்லை.

இதை 1997-ம் ஆண்டு கனடாவில் மான்ட்ரியல் நகர விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். சிலரை மனோவசிய நிலையில் வைத்து, அவர்கள் கையைச் சூடான நீரில் வைக்கச் சொன்னார்கள். "இந்தச் சூடு உங்களை அவ்வளவாகத் துன்புறுத்தாது" என்று ஒரு முறை சொன்னார்கள். "அதிகமாகத் துன்புறுத்தும்" என்று மறுமுறை சொன்னார்கள். தண்ணீரின் சூடு ஒன்றுதான். ஆனால், அவர்கள் பட்ட துன்பம் குறைந்தது, கூடியது! மூளையைப் படம் பிடித்துப் பார்த்தபோது, வலியின் வேதனையோடு சம்பந்தப்பட்ட பகுதியும் அதற்கு ஏற்ப மாறி இருந்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

சினிமாவில் வருவதுபோல, உருட்டி விழிக்கும் கண்ணும் ஊசலாடும் கடிகாரமும் இதற்குத் தேவை இல்லை.

நோயாளி வசதியாக உட்காருகிறார். கண்களை மூடி, மெதுவாக மூச்சு விடுகிறார். டாக்டர் அமைதியான குரலில் பேசுகிறார். நோயாளியின் மனம் அந்தப் பேச்சில் குவிகிறது. அவர் தூங்குவது இல்லை. பேசுவது காதில் விழுகிறது. பிடிக்காத எதையும் செய்யவைக்க முடியாது. விரும்பினால், எழுந்து போய்விடலாம்.

பிறகு டாக்டர் ஒரு கற்பனையைத் தருகிறார். "உங்கள் கை குளிர்ந்த ஆற்று நீரில் இருக்கிறது. மரத்துப்போகிறது. அந்தக் கையை வலிக்கும் இடத்தில் வையுங்கள்" என்பது ஒரு வகை. "வலி ஒரு ரேடியோ. அதன் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்" என்பது இன்னொரு வகை.

முக்கியமான பாடம் இனிமேல்தான். இதே பயிற்சியை, டாக்டர் இல்லாமல், வீட்டில் தானே செய்ய நோயாளி கற்றுக்கொள்கிறார். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கிப் பழகவேண்டும். சைக்கிள் பழகுவதுபோலத்தான். முதல் நாளே வந்துவிடாது.

30 நோயாளிகள்

மான்செஸ்டரில், பீட்டர் வோர்வெல் என்ற டாக்டர் தீராத வயிற்று வலிக்காரர்கள் 30 பேரைத் தேர்ந்து எடுத்தார். குடலில் புண் இல்லை. ஆனால் வலி, உப்புசம், பேதி, மலச்சிக்கல் என்று அவதிப்பட்டவர்கள். மருந்துகள் கைகொடுக்கவில்லை.

பாதிப் பேருக்கு மனோவசியப் பயிற்சி. மீதிப் பேருக்கு ஆறுதலான பேச்சும், வெறும் மாத்திரையும். மூன்று மாதம் சென்றது. பேச்சுக் கேட்டவர்களுக்குச் சிறிதளவே குணம் தெரிந்தது. மனோவசியம் பழகியவர்களுக்கு நல்ல முன்னேற்றம்! 1984-ம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது. ஓராண்டு மருந்து சாப்பிட்டும் குணமாகாத இத்தகைய நோயாளிகளுக்கு மனோவசியத்தைப் பரிசீலிக்கலாம் என்று, இங்கிலாந்து நாட்டு மருத்துவ வழிகாட்டுக் குறிப்பும் சொல்கிறது.

எச்சரிக்கை!

இது மந்திரம் அல்ல. எல்லோருக்கும் ஒரே அளவில் பலிப்பதும் இல்லை. சிலருக்கு வலி நன்றாகக் குறையும். சிலருக்குக் கொஞ்சம் குறையும். சிலருக்குப் பயன்படாமலும் போகும். தேய்ந்த மூட்டை இது வளர்க்காது. புற்றுநோயைக் கரைக்காது.

நாய் குரைக்கும்போது, திருடன் இருக்கிறானா என்று முதலில் பார்க்கவேண்டும் அல்லவா? அதுபோல, வலியின் காரணத்தை டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொண்ட பிறகே இந்தப் பயிற்சிக்குப் போகவேண்டும். புதிதாக வந்த வலி, நெஞ்சு வலி, காய்ச்சலோடு வரும் வலி ஆகியவற்றை மனோவசியத்தால் மறைக்கப் பார்ப்பது ஆபத்து. சாப்பிடும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக்கூடாது. மனநோய் உள்ளவர்கள் மனநல டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக்கூடாது.

"ஒரே நாளில் வலியைப் போக்குகிறேன், ஆயிரக்கணக்கில் பணம் வை" என்று சொல்லும் ஆசாமிகளிடம் ஏமாறவேண்டாம். முறையாகப் படித்துப் பயிற்சி பெற்ற டாக்டரோ, மனநல நிபுணரோதான் இதைச் செய்யவேண்டும்.

மாறாத வலியோடு வாழ்கிறவர்கள் கேட்பது பெரிய வரம் அல்ல. இரவில் நாலு மணி நேரத் தூக்கம். குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச ஒரு நிமிடம். கடைத்தெருவரை நடந்து திரும்பும் தெம்பு. வலி முழுவதும் போகாவிட்டாலும், பாதி குறைந்தால்கூட இவை கிடைத்துவிடும்.

அன்று ஹூக்ளி ஜெயிலில் டாக்டரின் கை அசைந்தது. கைதியின் வலி அடங்கியது. அடக்கியது அந்தக் கை அல்ல, கைதியின் மனம்!