பிடுங்கிவிடாதீர்கள், உயிர் இருக்கிறது!

மார்ச் மாதத்தில் இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றில் நுழைந்தால், ஒரு புதர் வெறும் காய்ந்த குச்சிகளாக நிற்கும். செத்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். பொறுங்கள் பிள்ளைகளே! ஜூலையில் அதே புதர் நிறையச் சிவப்பும் ஊதாவுமாக ஜிமிக்கிகள் போலப் பூக்கள் தொங்கும். அதுதான் குளிர் தாங்கும் ஃபியூஷியா.

இதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் தென்கோடி. சிலி, அர்ஜென்டினா நாடுகளின் குளிர்ந்த, ஈரமான காடுகளில் வளர்கிறது. பூ ஏன் தலைகீழாகத் தொங்குகிறது தெரியுமா? அங்கே ஓசனிச்சிட்டு என்ற குட்டிப் பறவை இருக்கிறது. அது சிறகை விடாமல் அடித்து அந்தரத்தில் நின்றபடியே, கீழிருந்து அலகை நீட்டித் தேன் குடிக்கும். பூவுக்கு வெளியே நீண்டிருக்கும் 8 மகரந்தத்தாள்கள் பறவையின் மேல் உரசி மகரந்தத்தைப் பூசிவிடும். சிவப்பு நிறம் தேனீயின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது; பறவைக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, செத்த குச்சி எப்படிப் பிழைத்தது? உறைபனியில் தண்டுக்குள் இருக்கும் நீர் உறைந்து, அதன் செல்கள் சிதைகின்றன. மண்ணோ தன் வெப்பத்தை மெதுவாகத்தான் இழக்கும். அதனால் அடித்தண்டில், மண்ணுக்குள் இருக்கும் முளைகள் தப்பிக்கின்றன. இதைத் தெரிந்த தோட்டக்காரர்கள், தொட்டியில் இருந்ததைவிடச் சுமார் 5 செ.மீ. ஆழமாகச் செடியை நடுகிறார்கள். குளிர் தொடங்கும்போது சருகை அடியில் மூடாக்காகப் போடுகிறார்கள்.

காய்ந்த குச்சிகளை உடனே வெட்டக் கூடாது. அவை அடிப்பகுதியைக் குளிரிலிருந்து ஓரளவு காக்கும். வசந்தத்தில் கீழிருந்து பச்சைத் துளிர் எட்டிப் பார்த்த பிறகே கவாத்து செய்ய வேண்டும். சில செடிகள் மே மாதம் வரைகூடக் காக்க வைக்கும். பழைய தண்டுகளைத் தரையோடு ஒட்ட வெட்டினாலும் பூ குறையாது. ஃபியூஷியா அந்த ஆண்டு முளைத்த இளந்தண்டில்தான் பூக்கும். கோடையில் மண் ஈரமாக இருக்கட்டும்; தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கெர்ரியில் இந்தக் கவலை அதிகமில்லை. கடல் காற்று அங்கே கடும் உறைபனியை வர விடுவதில்லை. தண்டுகள் கருகாமல் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து, சாலையோர வேலிகளாகவே ஃபியூஷியா ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அந்த நாட்டில் ஓசனிச்சிட்டு கிடையாது. தேனை அங்கே தேனீக்கள்தான் எடுத்துக்கொள்கின்றன!