மாமண்டூர் குடைவரைகள்: ஒரு வரவு செலவுக் கணக்கு

குகை, குன்று, பழஞ்சின்னம் என்று ஒரு நாள் நடக்க ஆசைப்படும் காஞ்சிக்காரர் பலர் மாமல்லபுரம் போகிறார்கள். அங்கே நுழைவுச்சீட்டு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. காஞ்சியின் செவிலிமேட்டிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வந்தவாசி சாலையில் சுமார் 10 கி.மீ. போனால் வரும் மாமண்டூருக்குச் சீட்டே கிடையாது. சாதாரணப் பேருந்துக்கு அரசு 2018-இல் வைத்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா. அந்தக் கணக்கில் 5 ரூபாய் 80 பைசாதான் வரும். நடத்துநர் கேட்பது சில ரூபாய் கூடலாம், சண்டை வேண்டாம்.

புறப்படும் முன் செவிலிமேட்டிலேயே சாலைக் கிணறு இருக்கிறது. ராமானுஜர் இங்கிருந்து வரதராஜப் பெருமாளுக்கு நாளுக்கு ஒரு குடம் தீர்த்தம் சுமந்தார் என்பது வைணவ மரபு. அடுத்து பாலாறு. மொத்த நீளம் 348 கி.மீ., அதில் தமிழ்நாட்டில் 222. பாலத்திலிருந்து பார்த்தால் பல மாதம் மணல்தான் தெரியும்.

மாமண்டூர்க் குன்றில் பல்லவர் குடையத் தொடங்கியவை 4. முடித்தவை 2. மூன்றாவதுதான் இருப்பதில் பெரியது. அதுவும் சிறிய நான்காவதும் அரைகுறையாக நிற்கின்றன. பாதி வேலை பாக்கி என்று குறை சொல்வதற்கு முன் கல்லின் எடையைப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறக்குறைய 2.7 டன். 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம், 2 மீட்டர் உயரத்தில் ஓர் அறை குடைந்தால் 18 கன மீட்டர், அதாவது 48.6 டன் கல்லை உளியால் கொத்தி வெளியே கொட்ட வேண்டும். ஓர் அறைக்கே இவ்வளவு. மால்டா தீவில் ஹால் சஃப்லியேனி என்ற நிலத்தடிக் குடைவு 3 அடுக்கு கொண்டது, 5,000 ஆண்டுக்கு முந்தையது. ஆனால் அங்கே இருப்பது மெத்தென்ற சுண்ணாம்புக்கல். நம் சிற்பிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மற்ற பொருள் செலவைப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனே தன் மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டில் எழுதிவைத்திருக்கிறான்: செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. நான்கு இனத்திலும் பூஜ்யம் காட்டிய கட்டுமானக் கணக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கூலி எவ்வளவு என்று மட்டும் மன்னன் சொல்லவில்லை.

மாமண்டூர் முதல் குடைவரையிலும் அவன் காலத்துக் கல்வெட்டு உண்டு. சிதைந்த வரிகளுக்கிடையே அவன் எழுதிய மத்தவிலாச நாடகத்தின் பெயர் வருகிறது. சுமார் 300 ஆண்டு கழித்து வந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குன்றையொட்டிய பேரேரியைச் சித்திரமேகத் தடாகம் என்கிறது. பல்லவர்க்கும் முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தும் இதே குன்றில்தான் இருக்கிறது. ஒரே குன்றில் மூன்று காலத்து எழுத்து. இதற்கும் கட்டணம் இல்லை.

மால்டாவில் அந்தக் குடைவுக்குள் நாளுக்கு 80 பேரைத்தான் விடுகிறார்கள், மூச்சுக்காற்றின் ஈரம் கல்லைத் தின்றுவிடும் என்பதால். இங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, பல நாள் அதற்குத் தேவையும் இருக்காது. குடைவரைகள் கிழக்கு பார்த்தவை. காலையில் போனால் வெளிச்சம் இலவசம். ஏரி நிறைந்திருக்கும் தை மாதத்தில் போங்கள், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து தெரியட்டும் என்று கல்வெட்டில் சுண்ணக்கட்டி மட்டும் தேய்க்காதீர்கள்.