மலிவான காற்றுத் துப்பாக்கி: வாங்குதலும் செப்பனிடுதலும்

தென்னையும் நெல்லும் நம்பி வாழும் குடியானவனுக்குக் குரங்கு ஒரு வேடிக்கைப் பிராணியன்று. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் நாள் காலை எட்டு மணிக்கு, இலங்கை முழுவதிலும் மக்கள் தத்தம் வளவுகளிலும் வயலோரங்களிலும் ஐந்து நிமிட நேரம் நின்று, கண்ணிற் பட்ட குரங்கு, மயில் முதலியவற்றை எண்ணிக் கணக்குக் கொடுத்தனர். பயிரழிவின் கொடுமை அரசாங்கத்தையே அவ்வாறு எண்ணவைத்தது. எண்ணியாயிற்று, இனி யாது செய்வது? சீனன்குடாவைச் சூழ்ந்த ஊர்களிலும் தம்பலகாமத்து வயற்புறங்களிலும் இவ்வினா எழும்போதெல்லாம், 'எயார் றைபிள் ஒன்று வாங்கலாமே' என்று சொல்பவர் ஒருவர் இருப்பார்.

வாங்கலாம். ஆனால் வாங்கியவர்களுள் அநேகர் சில வாரங்களில் ஏமாற்றமடைகின்றனர். குறி தவறுகிறது, சன்னம் ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமும் போகிறது. உடனே அவர்கள் துப்பாக்கிக்கு வலு போதாது என்று முடிவு செய்து, இன்னும் கடினமான சுருள்வில்லைத் தேடிப் புறப்படுகின்றனர். அது வீண் செலவு என்பதும், மலிவான துப்பாக்கிக்கு வேண்டியது வலுவன்று, ஒழுங்கே என்பதும் எனது கருத்தாகும்.

காரணத்தை அறியவேண்டுமாயின் இக்கருவி இயங்கும் முறையைச் சிறிது நோக்கவேண்டும். மலிவானவற்றுட் பெரும்பாலானவை குழலை மடித்து வலுவேற்றும் வகையைச் சேர்ந்தவை. குழலைக் கீழ்நோக்கி மடிக்கும்போது உள்ளேயிருக்கும் ஆடுதண்டு பின்னே தள்ளப்பட்டு, சுருள்வில் நெரிந்து பூட்டிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் வில் விடுபடுகிறது. ஆடுதண்டு முன்னே பாய்ந்து உருளையிலுள்ள காற்றை ஒரு சிறு துளையூடாக நெருக்குகிறது. அக்காற்றுச் சன்னத்தைத் தள்ளுகிறது. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. ஆடுதண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. தண்டு நெருங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னே குதிக்கிறது. இவ்விரண்டு அசைவும் சன்னம் குழலை விட்டு நீங்குமுன் தொடங்கிவிடுகின்றன. வெடிமருந்துத் துப்பாக்கியை இறுகப் பிடித்துச் சுடப் பழகியவர்கள் இதனாலேதான் காற்றுத் துப்பாக்கியில் தவறுகின்றனர். வில்லின் கடுமையைக் கூட்டினால் உதையும் குதிப்பும் கூடும். குறி இன்னும் மோசமாகும். விசையின் பூட்டும் விரைவில் தேயும்.

வலுவைப் பற்றி ஒரு கணக்கு. அரைக் கிராம் நிறையுள்ள சன்னம் செக்கனுக்கு 200 மீற்றர் வேகத்திற் செல்லுமாயின் அதன் சக்தி 10 யூல் ஆகும். ஜெர்மனியில் அனுமதிப் பத்திரமின்றி வைத்திருக்கத்தக்க காற்றுத் துப்பாக்கிக்கு 7.5 யூலே எல்லை. இந்தியாவில் 20 யூலுக்கு மேற்பட்டவற்றுக்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். ஒலிம்பிக் போட்டியில் 10 மீற்றர் தூரத்தில் வைத்துச் சுடப்படும் 4.5 மில்லிமீற்றர் துப்பாக்கிகளின் வலு, கடைகளில் 'அதிவேகம்' என்று விளம்பரஞ் செய்யப்படும் மலிவான துப்பாக்கிகள் பலவற்றின் வலுவைவிடக் குறைந்ததே. அங்கு பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் அரை மில்லிமீற்றர் மாத்திரம். டோக்கியோவில் இலங்கைக்காகப் போட்டியிட்ட தெஹானி எகொடவெலவும், கடலூரிற் பிறந்து டோக்கியோவிலும் பாரிசிலும் இந்தியாவுக்காகப் போட்டியிட்ட இளவேனில் வாலறிவனும் அந்த அரை மில்லிமீற்றரை நாடியது வலுவினாலன்று.

இனி வாங்குதல். கடைக்குப் போகுமுன் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள். வாங்க நினைக்கும் வகைக்கு எத்தகைய அனுமதி வேண்டுமென்று கேட்டுத் தெளிந்த பின்னரே பணத்தை எண்ணுங்கள். இதனை நான் வெறும் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. சீனன்குடாவில் விமானப்படையின் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. துறைமுகத்தில் கடற்படை இருக்கிறது. முப்பதாண்டுப் போரின் நினைவு இன்னும் மறையாத ஊர்கள் சுற்றிலும் இருக்கின்றன. நூறு யார் தொலைவிலிருந்து பார்ப்பவருக்குத் துப்பாக்கி துப்பாக்கிதான். அதனுள் இருப்பது காற்றா மருந்தா என்று எவரும் நின்று விசாரிக்கமாட்டார். ஆகையால் எடுத்துச் செல்லும்போது மூடிய உறையில், வலுவேற்றாமல், சன்னமின்றி எடுத்துச் செல்வதே முறை.

கடையில் கிடைப்பவற்றுட் சீனாவிற் செய்யப்பட்டவை விலையிற் குறைந்தவை. சீனன்குடாவுக்குச் சீனத் துப்பாக்கி பொருத்தந்தானே என்று ஒருவர் நகைக்கலாம், இருக்கட்டும். அவற்றைப் பழித்து ஒதுக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரே பெட்டியில் வந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பவும் வேண்டாம். கையில் எடுத்துப் பாருங்கள். குழலை மடித்துத் திறந்து, அதன் கீல் பக்கவாட்டில் ஆடுகின்றதா என்று அசைத்து நோக்குங்கள். ஆடுமாயின் வேறொன்றைக் கேளுங்கள். குழலினூடே வெளிச்சத்தை நோக்கினால் உள்ளே முறுக்குக் கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும். பழைய துப்பாக்கியை வாங்குவோர், ஜெர்மனியின் டயானாவோ பேர்மிங்காமின் பி.எஸ்.ஏ.யோ கைக்குக் கிட்டுமாயின், துரு உட்புறம் ஏறவில்லை என்று கண்டபின் புதிய மலிவுச் சரக்கைவிட அதையே விரும்பலாம். தொலைநோக்கிக் குறி சேர்த்து விற்றால் அதற்காக மேலதிகப் பணம் கொடாதீர்கள். நான் முன்னே கூறிய இரட்டை உதையினால் மலிவான தொலைநோக்கிகளின் உள்ளுறுப்புக்கள் விரைவில் தளர்ந்துவிடும். திறந்த முன்குறியும் பின்குறியுமே தொடக்கத்துக்குப் போதும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை சுடுவதன்று, துடைப்பது. தொழிற்சாலையில் துருப்பிடியாதிருக்கப் பூசிய கிறீஸ் குழலினுள்ளே இருக்கும். தூண்டிலுக்குப் பயன்படும் தடித்த நைலோன் நூலில் ஒரு முடிச்சிட்டு, அதிற் சிறு பருத்தித் துண்டைக் கோர்த்துச் சன்னம் வைக்கும் பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுத்தெடுங்கள். துணி வெள்ளையாக வரும்வரை துண்டை மாற்றி மாற்றி இழுக்கவேண்டும்.

அடுத்தது திருகாணிகள். பிடங்குக் கட்டையை உருளையோடு பிணைக்கும் திருகாணிகள் ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சிறிதாகத் தளரும். குறி தவறுகிறது என்று வரும் முறைப்பாடுகளிற் கணிசமானவை திருகாணியை இறுக்கியதும் தீர்ந்துபோகக் கண்டிருக்கிறேன். பின்பு குழல் மடியும் இடத்திலுள்ள அடைப்பு வளையத்தைச் சோதியுங்கள். அவ்விணைப்பின்மேல் மெல்லிய கடதாசித் துண்டொன்றை வைத்துச் சுட்டால், கடதாசி பறக்குமாயின் காற்று அங்கே கசிகிறது. வளையத்தை மாற்றுவது சிறு செலவு. இழந்த வலு அதனாலேயே திரும்பும்.

சன்னத்தைப் பற்றி மிகுந்த அக்கறை வேண்டும். இடை ஒடுங்கிப் பின்புறம் பாவாடைபோல் விரிந்த ஈயச் சன்னமே இதற்கு உகந்தது. அந்தப் பாவாடை நெளிந்திருந்தால் அது நேரே போகாது, நெளிந்ததை எறிந்துவிடுங்கள். ஒரே குழலுக்கு ஒருவகைச் சன்னம் பொருந்தும், மற்றொன்று பொருந்தாது. ஆகவே ஒரே வகையில் நிறைய வாங்காமல் மூன்று நான்கு வகைகளிற் சிறு டப்பாக்களை வாங்கி, மணல் நிரப்பிய சாக்கின்மேல் முன்கையை வைத்து, 10 மீற்றரில் கடதாசிக்கு ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஐந்து துளைகளும் நடுவில் விழுந்தனவா என்பதை அப்பொழுது பார்க்கவேண்டாம்; ஒன்றோடொன்று நெருங்கி விழுந்தனவா என்பதையே பாருங்கள். நெருங்கி விழும் வகை கிடைத்த பின், அக்கூட்டத்தை நடுவுக்குக் கொணரப் பின்குறியைத் திருப்பினால் ஆயிற்று. பின்குறியை எப்பக்கம் நகர்த்துகிறோமோ அப்பக்கமே அடியும் நகரும். துப்பாக்கியை இறுகப் பிடியாது, உள்ளங்கையில் தளர்வாகக் கிடக்கவிட்டு, அது விரும்பியபடி உதைக்க இடங்கொடுங்கள். சுட்டபின் கையைக் கழுவ மறவாதீர்கள், ஈயம் நஞ்சு. சன்னத்தைப் பல்லிடுக்கில் வைத்துக்கொள்ளும் பழக்கமுடையோர் அதனை இன்றே விடவேண்டும்.

எண்ணெயைப் பற்றியும் கூறவேண்டும். 99 பெரிய எண்ணெய்க் குதங்கள் நிற்கும் ஊரில் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை போலும். உருளையினுள்ளே மண்ணெண்ணெயோ இயந்திர எண்ணெயோ சில துளி விட்டாற் சன்னம் வேகமாய்ப் போகும் என்று சொல்லிக்கொடுப்போர் உளர். போகும், உண்மைதான். நெருக்கப்பட்ட காற்றின் வெப்பத்தில் எண்ணெய் தீப்பற்றி, டீசல் இயந்திரத்தினுள் நிகழ்வதுபோல் வெடிக்கிறது. அந்த வெடி அடைப்பைக் கருக்கிச் சுருள்வில்லையும் உடைக்கவல்லது. எண்ணெயின் இடம் வெளிப்புறமே. சன்னமின்றி வெறுமனே சுடுவதும் இதுபோன்ற கேடு. தடுக்கும் காற்று வெளியேறிவிடுவதால் ஆடுதண்டு உருளையின் முனையில் மோதிச் சிதையும். விசையின் பூட்டை அரத்தால் அராவி இலேசாக்க முயல்வோருக்கும் எச்சரிக்கை கூறவேண்டும். அராவிய பூட்டு, சன்னம் வைக்கும் வேளையிலேயே நழுவலாம். மடித்த குழல் அப்பொழுது திடீரென மேலெழுந்து விரலை நசுக்கும். சன்னம் வைக்கும்போது மற்றக் கையாற் குழலைப் பிடித்துக்கொள்வது எத்துப்பாக்கிக்கும் வேண்டிய வழக்கம்.

எதன்மேல் சுடுகிறோம், அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பது அடுத்த விடயம். இந்தச் சன்னம் மேல்நோக்கிச் சுட்டால் சில நூறு யார் போகவல்லது. கல்லிலோ இரும்பிலோ பட்டால் தெறித்துத் திரும்பும். இழந்த கண்ணை எந்த வைத்தியரும் மீட்டுத்தரார். பழைய பத்திரிகைகளை இறுக்கி அடுக்கிய மரப்பெட்டியே நல்ல இலக்கு. சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி அணிதல் வேண்டும். உயிருள்ளவற்றைக் குறித்து: மரக்கொம்பில் இருக்கும் குரங்கின் உடலில் இச்சன்னம் பாயுமாயின் அது பெரும்பாலும் உடனே இறவாது, புண்பட்டுக் காட்டுக்குட் போய்ப் பல நாள் வதைப்பட்டு இறக்கும். திருகோணமலை வீதிகளிலும் பிரெட்றிக் கோட்டையிலும் புள்ளிமான்கள் மனிதருக்கஞ்சாது திரிவதை நீங்கள் அறிவீர்கள். மயில் வீட்டுக் கூரையில் வந்து அமர்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. எதனை வெருட்டலாம், எவ்வாறு வெருட்டலாம் என்பதை வனசீவராசிகள் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே விசையில் விரலை வையுங்கள்.

கடைசியாக, கடற்காற்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் உப்பும் ஈரமும் இரும்பை ஓரிரவிற் சிவப்பாக்கிவிடும். கைபட்ட இடத்தில் வியர்வையின் உப்பும் சேரும். ஒவ்வொரு நாளும் பயன்படுத்தியபின் இலேசாக எண்ணெய் தோய்த்த துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, வலுவேற்றாத நிலையில், காற்றோட்டமுள்ள அலுமாரியிற் பூட்டி வையுங்கள். தோலுறையிலோ பிளாஸ்திக்குப் பையிலோ நெடுநாள் வைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிற்கும். சன்ன டப்பாவை வேறோரிடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வேறு பூட்டின்கீழ் வையுங்கள். திறப்பு உங்களிடமே இருக்கட்டும்.