போர்டோடு பேசுவோம் – 9: கிறுக்கல் சொன்ன சேதி

போன சனிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு என்னைத் தேடி ஒரு மாணவர் வந்தார். இன்ஜினீயரிங் கடைசி வருஷம். கையில் ஒரு செருப்பு டப்பா. திறந்தால் துண்டில் சுற்றிய 8051 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. திங்கட்கிழமை ரிவியூ.

"போர்டு செத்துப்போச்சு சார்" என்றார். மூன்று நாள் தூங்காத முகம்.

நூற்பாலையின் ஈரப்பதத்தை அளந்து கணினிக்கு அனுப்புவதுதான் அவர் புராஜெக்ட். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கியதிலிருந்து பஞ்சோடு வாழ்கிற ஊர் இது. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும், பஞ்சு பறக்கும் என்பது ஷிப்டுக்குப் போய்வருகிற அப்பாவோ சித்தப்பாவோ சொல்லி இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். அதனாலேயே எனக்கு அந்த புராஜெக்ட் பிடித்தது.

மின்சாரம் கொடுத்தோம். போர்டின் எல்.சி.டி.யில் 58 என்று பளிச்சென்று வந்தது. கணினித் திரையிலோ கட்டங்களும் புள்ளிகளும் தலைகீழ்க் குறிகளும். டிரைவரை அழித்து மறுபடி ஏற்றியிருக்கிறார், விண்டோஸையே புதிதாகப் போட்டிருக்கிறார், நண்பனின் லேப்டாப்பிலும் பார்த்திருக்கிறார். எதிலும் அதே கிறுக்கல்.

"செத்திருந்தா இந்தக் கிறுக்கல்கூட வராது தம்பி" என்றேன்.

போர்டுக்கும் கணினிக்கும் பேச்சு முறிந்தால் எப்படி முறிந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். போர்ட் எண்ணே கணினியில் தோன்றவில்லையா? யு.எஸ்.பி. கேபிளைச் சந்தேகியுங்கள். சார்ஜ் போட மட்டும் செய்த கேபிளில் சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கும். தகவல் போகிற பச்சையும் வெள்ளையும் இருக்காது. போர்ட் தெரிகிறது, ஆனால் ஓர் எழுத்துகூட வரவில்லையா? வேறொரு புரோகிராம் அந்த போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கலாம், அல்லது அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம் மாறியிருக்கலாம். கிறுக்கல் வந்தால் மட்டும் கொஞ்சம் நிம்மதி அடையலாம். பாதை திறந்திருக்கிறது, நேரக்கணக்குதான் எங்கோ பிசகியிருக்கிறது.

இருந்தாலும் பாதையைச் சோதிக்காமல் மேலே போகக் கூடாது. யு.எஸ்.பி.யை சீரியலாக மாற்றும் கேபிளை போர்டிலிருந்து கழற்றச் சொன்னேன். அதன் ஒன்பது முள் முனையில் இரண்டாவது முள் வாங்குவது, மூன்றாவது அனுப்புவது. ஒரு துண்டு ஒயரால் இரண்டையும் இணைத்து, கணினியில் தட்டச் சொன்னேன். தட்டிய எழுத்து அப்படியே திரைக்குத் திரும்பி வந்தது. டிரைவர், கேபிள், அதற்குள் இருக்கும் மாற்றி சிப் எல்லாம் சரி என்பதை அந்த ஒரு விரல்நீள ஒயர் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது. விண்டோஸை மாற்றிய ராத்திரியில் அவர் இதைச் செய்திருந்தால் தூங்கியிருப்பார்.

மாற்றி சிப்பைச் சோதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2014 அக்டோபரில், எஃப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் சிப்பைப் போலவே செய்த போலிகளின் அடையாள எண்ணை, விண்டோஸ் அப்டேட்டோடு வந்த அந்த நிறுவனத்தின் புது டிரைவர் சுழியமாக்கிவிட்டது. உலகம் முழுக்க நேற்றுவரை வேலை செய்த கேபிள்கள் மறுநாள் ஊமையாயின. எதிர்ப்பு கிளம்பவே அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். 2016-ல் வந்த இன்னொரு டிரைவர், 'இது அசல் இல்லை' என்ற வாசகத்தையே தகவலுக்குப் பதிலாக அனுப்பியது. போலி என்று தெரியாமல் வாங்கியவர் பாவம், தன் புரோகிராமில் எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருந்திருப்பார்.

அடுத்து போர்டு. மற்ற எதையும் அனுப்பாமல், ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தான 'ஏ'யை மட்டும் நொடிக்கு ஒரு முறை அனுப்ப வைத்தோம். திரையில் தலைகீழாக நிற்கும் ஆச்சரியக்குறி வரிசையாக வந்தது. ஒரே எழுத்துக்கு எப்போதும் ஒரே தப்பு! எர்த்திங் கோளாறோ லூஸ் கனெக்ஷனோ இருந்தால் தப்பு இப்படி ஒழுங்காக வராது.

காகிதம் எடுத்தோம். நொடிக்கு 9600 பிட் என்ற வேகத்தில் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோ நொடி. தொடக்க பிட்டைக் கண்டதும் கணினி கடிகாரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் எட்டிப் பார்க்கும். போர்டு ஒரு பிட்டை 96 மைக்ரோ நொடியில் முடித்தால் என்ன ஆகும்? முதல் ஐந்து பிட் எப்படியோ தப்பித்துவிடும். ஆறாவதைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஏழாவது ஓடிக்கொண்டிருக்கும். எட்டாவதுக்குப் பதில் முடிவு பிட் மாட்டும். 'ஏ'யின் 01000001 அப்படிப் பிசகினால் 10100001 ஆகும். அதுதான் தலைகீழ் ஆச்சரியக்குறி.

"கிறிஸ்டலைப் பாருப்பா."

போர்டின் நேரக்கணக்கு முழுக்க அதன் துடிப்பில்தான். பூதக்கண்ணாடியில் அந்தச் சின்னத் தகர டப்பியின் முதுகைப் படித்தார்: 12.000. போன மாசம் கீழே விழுந்து பழைய கிறிஸ்டல் உடைந்ததாம். கடையில் கிடைத்ததை வாங்கிச் சால்டர் வைத்திருக்கிறார். பழையது 11.0592.

இந்த விசித்திர எண் ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. 11.0592 மெகாஹெர்ட்ஸை 12-ஆலும் 32-ஆலும் வகுத்தால் 28,800. அதை மூன்றால் வகுத்தால் 9600, மிச்சமே இல்லாமல். டைமரில் நாம் எழுதும் 253 என்பது 256-க்கு அந்த மூன்று குறைவு. 12 மெகாஹெர்ட்ஸில் அதே 253-ஐப் போட்டால் வேகம் 10,417 ஆகிவிடும். எட்டரை சதவீதம் அதிகம். ரெக்கார்டு நோட்டில் வருஷா வருஷம் 253 என்று எழுதுகிறார்கள். அது அந்தக் கிறிஸ்டலுக்கு மட்டுமே பொருந்தும் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுவதில்லை. அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனை பிள்ளைகள் நல்ல போர்டைத் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

சனிக்கிழமை ராத்திரி 11.0592-க்கு எங்கே போவது? மறுபடி காகிதம். 12 மெகாஹெர்ட்ஸிலிருந்து கிடைப்பது 31,250. அதைப் பதின்மூன்றால் வகுத்தால் 2404. கணினி எதிர்பார்க்கும் 2400-க்கும் இதற்கும் வித்தியாசம் அரைக்கால் சதவீதத்துக்குச் சற்று மேல். ஈரப்பதம் சொல்ல இந்த வேகம் தாராளம். புரோகிராமில் 253-ஐ 243 ஆக்கினார், கணினியில் 9600-ஐ 2400 ஆக்கினார்.

58 வந்தது. உணரி மேல் வாயை வைத்து ஊதினார். 63, 71, 80 என்று ஏறியது. எல்.சி.டி.யையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டப்பாவை மூடும்போது கேட்டார்: "ரிவியூ முடிஞ்சதும் மில்லுக்குள்ளயே மாட்டச் சொல்லியிருக்காங்க சார். ஆபீஸ் வரைக்கும் எண்பது மீட்டர் ஒயர் இழுக்கணும், வழியெல்லாம் மோட்டார். இதே கேபிள் போதுமா?"

போதாது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.