பேய்க்குத் தயிர்சாதம் ஊட்டிய கொலைகாரன்

செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், சத்தம் வரக்கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண் பாதையில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நிற்கிற பழைய பங்களாவுக்குள் நுழைகிறோம். மாலை 6 முதல் இரவு 2 வரை கால்ஷீட். படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று இயக்குநருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மற்ற எல்லாவற்றையும் சொல்லலாம் என்று அவரே சிரித்துக்கொண்டு அனுமதி தந்துவிட்டார். சின்ன பட்ஜெட், ஒரே வீடு, ஒரு பேய், ஒரு கொலை, ஒரு இன்ஸ்பெக்டர். இப்படி ஒரு ராத்திரி வாய்க்காதா என்று எவ்வளவு நாளாக ஏங்கியிருக்கிறேன்!

ஹாலுக்குள் காலை வைத்தால் ஒயர். தாண்டி வைத்தால் இன்னொரு ஒயர். ஜன்னல்களில் கறுப்புத் துணி, சுவரோரம் தெர்மாகோல் பலகைகள், படிக்கட்டுக்கு அடியில் ஒரு டம்மிப் பிணம், அதன் தோளில் யாரோ காயப்போட்ட துண்டு. நடுக்கூடத்தில் ஆர்ட் அசிஸ்டென்ட் தம்பி சல்லடையில் முல்தானி மெட்டியைச் சலித்துத் தரையெல்லாம் தூவிக்கொண்டிருக்கிறார். திரையில் அது முப்பது வருடத்துத் தூசி. வீட்டைப் பராமரிக்கிற அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

“காலைலதானே தம்பி தொடைச்சேன்!”

“அக்கா, கதைப்படி இந்த வீட்ல முப்பது வருஷமா ஆளே கிடையாதுக்கா.”

“அப்ப நான் யாரு?”

லைட்மேன்கள் ஏணியில் நின்றபடியே குலுங்கிச் சிரிக்கிறார்கள். மூலையில் தேங்காய் மட்டையைக் கொளுத்திச் சாம்பிராணி போட்டு ஒருவர் புகை மூட்டுகிறார். விசிறியால் அதைத் தரையோடு தரையாகத் தள்ளுவது தனிக் கலை. கொஞ்சம் அதிகமானால் கேமராவுக்கு எதுவும் தெரியாது. கொஞ்சம் குறைந்தால், அக்கா துடைத்த தரை தெரிந்துவிடும்.

மேக்கப் அறைக் கதவைத் தள்ளுங்கள். அலறாதீர்கள்! கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் நம் பேய். இரண்டு கண்ணிலும் வெள்ளை லென்ஸ், விரல்களில் நீள நகம், கன்னத்தில் ஒட்டவைத்த கிழிசல். லென்ஸ் போட்டால் எதிரே யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதாம். அதனால் எங்கே போனாலும் ஒரு பெண் உதவி இயக்குநர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறார். “படி இருக்கு, ஒண்ணு, ரெண்டு, அவ்வளவுதான்” என்று அவர் சொல்லச் சொல்ல, ஊரையே நடுங்கவைக்கப்போகிற பேய் பதவிசாக இறங்கி வருகிறது.

அந்த நகத்தோடு சாப்பிட முடியுமா? முடியாது. அதனால் ஒருவர் எவர்சில்வர் கிண்ணத்தில் தயிர்சாதம் பிசைந்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் மாவடு வேறு. யார் அவர் என்று விசாரித்தேன். படத்தில் இந்தப் பெண்ணைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் கொல்கிற கணவன்! “நேத்து ராத்திரி பூரா தண்ணில கெடந்துச்சு சார், பாவம், ஜலதோஷம் புடிச்சிருக்கு” என்கிறார். பேய் வாயைத் திறந்து, “அண்ணா, ஒரு மாவடு” என்று கேட்டது. எனக்கு அந்த நிமிடமே இந்தப் படம் பிடித்துப்போய்விட்டது.

வாருங்கள், அடுத்த அறைதான் போலீஸ் ஸ்டேஷன். மூன்று சுவர்தான் உண்டு, நாலாவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் டீ ஃப்ளாஸ்க். மேஜையில் சிவப்பு நாடா கட்டிய கோப்புகள், லத்தி, தொப்பி. ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் ஒருவர் ஆலோசகராக வந்திருக்கிறார். பல வருடம் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவராம். இன்ஸ்பெக்டராக நடிப்பவர் தொப்பியை வைத்த விதத்தைப் பார்த்து உச்சுக்கொட்டினார். எழுந்து போய், தன் பிள்ளைக்குச் செய்வதைப்போல இரண்டு கையாலும் அதை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கோப்பைத் திறந்து பார்த்தேன். அசந்துபோனேன். வெற்றுத்தாள் ஒன்றுகூட இல்லை. முதல் தகவல் அறிக்கை வரிக்கு வரி எழுதப்பட்டிருக்கிறது. திரையில் இது இரண்டு நொடி வந்தால் அதிகம். “302-னு போட்டிருந்தாங்க, நான்தான் விடல” என்கிறார் ரைட்டர். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன. கொலைக்கான தண்டனை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு. சந்தேக மரணம் என்றால் பழைய 174 போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194 வந்திருக்கிறது. இந்தக் கதை நடப்பது அதற்குப் பிறகு. அதனால் உதவி இயக்குநர்கள் ராவோடு ராவாக எல்லாத் தாளையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள்.

இயக்குநர் பக்கத்தில் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். கதையைக் கேட்டேன். ஒரே வரியில் முடித்துவிட்டார். “194-ல ஆரம்பிக்குது சார், 103-ல முடியுது. நடுவுல நம்பரை மாத்துறது அந்தப் பொண்ணு.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்த வகைப் படங்களை நான் ஏன் இவ்வளவு நேசிக்கிறேன் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. நம் ஊர்க் குற்றப் பேய்கள் சும்மா பயமுறுத்த வருவதில்லை. புகார் கொடுக்க வருகின்றன. அறிவழகனின் முதல் படமான ‘ஈரம்’ (2009) நினைவிருக்கிறதா? தற்கொலை என்று மூடப்பட இருந்த ஒரு மரணத்தைப் போலீஸ் அதிகாரி ஆதி துருவிக்கொண்டே போவார். இறந்த பெண்ணோ தண்ணீர் வழியாகத் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டிருப்பாள். அதே வருடம் வந்த விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ படத்தில், டிவி சீரியலே செத்துப்போனவர்களின் வாக்குமூலமாக மாறிவிடும். பேயை எடுத்துவிட்டால் இரண்டுமே சுத்தமான துப்பறியும் கதை. குற்றத்தை எடுத்துவிட்டால் பேய்க்கு வீட்டை விட்டு வெளியே வரவே காரணம் இருக்காது.

“சைலன்ஸ்!” ஓடி வந்து மானிட்டருக்குப் பின்னால் நில்லுங்கள், இதை விட்டுவிடக்கூடாது. இன்ஸ்பெக்டர் மாடி வராந்தாவில் டார்ச்சோடு நடந்து வருகிறார். வேறு விளக்கே இல்லை. “இருட்டுக்கு வாடகை கிடையாது சார்” என்று ஒளிப்பதிவாளர் காதோரம் கிசுகிசுக்கிறார். 2012-இல் கார்த்திக் சுப்பராஜ் தன் முதல் முழுநீளப் படமான ‘பீட்சா’வில் விஜய் சேதுபதியை ஒரு பங்களாவுக்குள் டார்ச்சோடு விட்டாரே, அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். டார்ச் வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று யோசிக்கிற வேலையை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். அதற்குச் செலவும் இல்லை. 2015-இல் வந்த அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்ட்டி காலனி’ நான்கு நண்பர்களை ஓர் அறைக்குள் பூட்டிவிட்டு நம் உயிரை எடுத்தது. அந்தப் பெயருக்குரிய இடம் ஆழ்வார்பேட்டையில் நிஜமாகவே இருக்கிறது. கையில் காசு குறைவாக இருப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு நல்ல கதவைத்தான்!

இங்கேயும் ஒரு கதவு இருக்கிறது, அதுதான் இன்றைய ஹீரோ. தானாகத் திறக்க வேண்டும். கைப்பிடியில் தூண்டில் நரம்பு கட்டி, பீரோவுக்குப் பின்னால் ஒரு செட் அசிஸ்டென்ட் குந்தி உட்கார்ந்திருக்கிறார். முதல் டேக்கில் வேகமாக இழுத்துவிட்டார், கதவு சுவரில் போய் மோதியது. அடுத்ததில் நரம்பு டார்ச் ஒளியில் பளபளத்தது. மேக்கப்காரர் ஓடிப்போய் அதில் மை தடவினார். அதற்கடுத்ததில் எல்லாம் சரி, ஆனால் தோப்பில் ஒரு தவளை கச்சேரியைத் தொடங்கிவிட்டது. பிறகு தெருநாய். பிறகு பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல், முல்தானி மெட்டியின் கைங்கரியம். ஒவ்வொரு “கட்”டுக்கும் யூனிட்டே வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. இயக்குநர் மட்டும், “பரவால்லண்ணா, மெதுவா, கதவுக்கு வலிக்காம இழுங்க” என்கிறார்.

வலிக்காமல்தான் இழுத்தார். கதவு முனகிக்கொண்டு ஒரு சாண் திறந்து நின்றது. இருட்டு. ஒன்றுமில்லை. டார்ச் அந்தப் பக்கம் திரும்புகிறது. ஒன்றுமில்லை. திரும்பி வருகிறது. அவர் தோளுக்குப் பின்னால் வெள்ளைக் கண்கள்! ஊட்டிவிட்ட தயிர்சாதத்தைக் கண்ணால் பார்த்த நானே கத்திவிட்டேன். பக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜரும் கத்தினார். கொலைகாரக் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். “கட்! ஓகே!” கைதட்டலில் சாம்பிராணிப் புகை கலைந்தது. லென்ஸுக்கு உள்ளிருந்து பேய், “நல்லா வந்துச்சாண்ணா?” என்று எந்தப் பக்கமும் இல்லாமல் பார்த்துக் கேட்டது.

நள்ளிரவு டீ. இஞ்சி தட்டிப் போட்டு, கூடவே மிக்சர். பிணமாக நடிக்கிற ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் அண்ணன் உடம்பைச் சொறிந்துகொண்டே வருகிறார். இவர்களுடைய ரத்தம் சர்க்கரைப் பாகு, சிவப்பு கேசரி பவுடர், காய்ந்த ரத்த நிறத்துக்குக் கொஞ்சம் காபித்தூள். வாயில் பட்டால் ஆபத்தில்லை, மலிவு, கேமராவில் அசல். ஒரே ஒரு தொல்லை, எறும்பு. ஷாட் முடியும் வரை அசையாமல் கிடந்திருக்கிறார் மனிதர். “காதுக்குள்ள போயிடுச்சு சார், ஆனா கண்டினியூட்டி போயிடுமேன்னு பல்லைக் கடிச்சிட்டேன்.” ரைட்டர் ஐயா எழுந்து தன் மிக்சரை அவரிடம் நீட்டுகிறார். இந்தத் தியாகத்துக்கெல்லாம் போஸ்டரில் இடம் கிடையாது. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன்: அந்த எறும்புக்கடி ஷாட் பிரமாதம்.

படப்பிடிப்பு முடிந்து பூசணிக்காய் உடைத்த பிறகும் என்னை விடாமல் கூப்பிட்டார்கள். இப்போது சாலிகிராமத்தில் ஒரு ஒலிக்கூடம். இங்கே படத்தைப் பார்த்துப் பார்த்துச் சத்தங்களைக் கையால் செய்கிறார்கள். தரையில் கட்டம் கட்டமாக மணல், டைல்ஸ், மரப்பலகை. ஃபோலி கலைஞர் ஈரத் துணியைக் கையில் சுற்றி டைல்ஸில் ஒத்தி ஒத்தி எடுக்கிறார், திரையில் பேய் ஈரக்காலோடு நடந்து வருகிறது. முருங்கைக்காயை மைக்குக்குப் பக்கத்தில் முறிக்கிறார், விரல் எலும்பு. கேரட்டை முறிக்கிறார், கழுத்து. “மிச்சம் மீதி?” என்றேன். “சாம்பார்தான்” என்று பையைக் காட்டினார்.

பக்கத்து அறையில் டப்பிங். பேயாக நடித்த பெண் வெந்நீரும் கையுமாக நிற்கிறார். அலறலையெல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். தொண்டை கட்டிவிட்டால் மற்ற வசனம் பேச முடியாதே! சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சின்ன உடம்பிலிருந்து கிளம்பிய அலறலில் வெளியே நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் எழுந்து நின்றுவிட்டார். உடனே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைகூப்பி, “ஸாரிண்ணா, தூங்குங்க” என்றார் பேய்.

கடைசியாக எடிட்டிங் அறை. ஏசி குளிர், மூன்று திரை, பாதி தின்ற பஜ்ஜி. அந்த டார்ச் காட்சி ஓடுகிறது. ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். எடிட்டர் கதவுக்கு முன்னாலிருந்து 12 ஃப்ரேமைக் கழற்றினார். அரை நொடிதான். ஆனால் நாம் மூச்சு இழுப்பதற்குள் பேய் வந்து நின்றது! பிறகு அவருக்கு ஒரு சந்தேகம். கணவன் போலீஸிடம் பேசுகிற காட்சியில், பின்னால் மங்கலாகப் பேய் நிற்கிற ஷாட்டை இன்னும் குறைக்கலாமா? எல்லோருக்கும் படம் மனப்பாடம், யாரிடம் கேட்பது? கீழே இருந்த இரவுக் காவலாளி ஐயாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

வந்தார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கதவு திறந்தபோது லேசாக உடம்பைக் குறுக்கினார், அவ்வளவுதான். பேய்க்கெல்லாம் அசருகிற ஆளாகத் தெரியவில்லை. இயக்குநர் நகத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டார். திரையில் கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவளுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்ல சார்” என்றான். ஐயா துள்ளி எழுந்தார்.

“பொய் சொல்றான் சார்! அந்தப் பொண்ணு பின்னாடியேதான் நிக்குது. அதைக் கேளுங்க சார்!”

இயக்குநர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எடிட்டர் எதுவும் பேசாமல் அந்த ஷாட்டைக் குறைக்கிற யோசனையை விட்டுவிட்டு, மேலும் 12 ஃப்ரேம் கூட்டினார். அந்தப் பெண் அரை நொடி கூடுதலாக நிற்கிறாள். எந்தப் பிரிவில் வழக்கு போட வேண்டும் என்பதை ஐயா முடிவு செய்துவிட்டாரே! “எப்ப சார் ரிலீஸு? வீட்ல எல்லாரையும் கூட்டிட்டு வரணும்” என்று கேட்டுக்கொண்டே தொப்பியை மாட்டினார். வருகிறோம் ஐயா, முதல் நாள் முதல் காட்சிக்கே வருகிறோம். நானும் இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களும் உங்களுக்கு நேர் பின் வரிசையில்தான் உட்காரப்போகிறோம். நீங்கள் எழுந்து கத்துங்கள், நாங்களும் கத்துகிறோம்!