சிற்றூர்ச் சபையிலிருந்து எழுந்த இசை



வழிபாட்டிற்கு ஏற்ற இசை எது என்னும் வினா ஆலய முற்றத்திலும் வீட்டு உணவு மேசையிலும் நெடுநாளாகவே எழுந்துவருவதை நீங்கள் அறிவீர்கள். ஓகனும் ஆர்மோனியமும் போதும் என்பர் மூத்தோர். கிற்றாரும் ட்ரம்சும் வேண்டும் என்பர் இளையோர். இவ்வினாவோடு இருப்போருக்கு, இங்கிலாந்தின் தென்கரையில் அருண் ஆறு கடலோடு கலக்கும் லிற்றில்ஹம்ரன் என்னும் சிறு பட்டினத்திலிருந்து எழுந்த ஓர் இசைக்குழுவின் வரலாறு பயன்படக்கூடும். அவர்கள் கத்தோலிக்கர் அல்லர். அருண் சமூகத் திருச்சபை என்னும் சுயாதீன சபையைச் சேர்ந்தோர். ஆயினும் அவர்களைத் துரத்திய கேள்வி நம்முடையதும் ஆகும்.

1992ஆம் ஆண்டில் அச்சபை இளையோருக்கென மாதாந்த வழிபாட்டு மாலை ஒன்றைத் தொடங்கியது. ‘கற்றிங் எட்ஜ்’ என்பது அதன் பெயர். அங்கே பாடியும் வாசித்தும் நின்றோர் தொழில்முறை இசைவாணர் குழுவாகக் கூடியவர்கள் அல்லர். முதன்மைப் பாடகர் மார்ட்டின் ஸ்மித் ஒலிப்பதிவுக் கூடமொன்றிற் பணிபுரிந்தவர். ட்ரம்ஸ் வாசித்த ஸ்ருவேட் ஸ்மித் வரைகலைஞர். பேஸ் கிற்றார் வாசித்த ஜோன் தட்சர் சபைப் போதகரின் மகன். மார்ட்டின், ஸ்ருவேட், கீபோட் வாசித்த ரிம் ஜப் ஆகிய மூவரும் அப்போதகரின் புதல்வியரை மணந்தவர்கள். பின்னர் ஸ்ருவேட் கராட் என்னும் கிற்றார் கலைஞரும் இணைந்துகொண்டார். குடும்பமொன்றின் பாடகர் குழாம் என்றே இதனைச் சொல்லிவிடலாம்!

1993 முதல் 1995 வரை நான்கு ஒலிநாடாக்களைத் தாமே வெளியிட்டனர். ‘ஐ குட் சிங் ஒவ் யுவர் லவ் ஃபொரெவர்’ என்னும் பாடல் அக்காலத்ததே. அது கடல்கடந்து பல சபைகளின் வழிபாட்டிலும் இடம்பிடித்ததன் காரணம் எளிது. மூன்று நான்கு சுரக்கூட்டுக்களே போதும். பல்லவி மீண்டும் மீண்டும் வரும். புத்தகத்தைப் பார்க்காமலே இரண்டாம் முறை எவரும் பாடிவிடலாம். அத்தோடு, இறைவனைப் பற்றிப் பாடுவதைவிட இறைவனை நோக்கியே பாடும் தன்மை அதற்கு உண்டு. இது புதுமையன்று. திருப்பாடல்களும் இவ்வாறே பேசுகின்றன. நமது திருப்பலியின் பதிலுரைப் பாடலும் இவ்வாறே மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது.

1995இல் நிகழ்ந்த கார் விபத்தொன்றில் மார்ட்டினும் அவர் துணைவியாரும் ஜோன் தட்சரும் சிக்கினர். கால் முறிந்து வாரக்கணக்காக மருத்துவமனையிற் கிடந்த மார்ட்டின், இதுவே தம் வாழ்நாட்பணி என்னும் தீர்மானத்தோடு எழுந்தார். 1996 ஏப்ரலில் ஐவரும் தத்தம் தொழில்களை விடுத்து முழுநேரப் பணியில் இறங்கினர். பிள்ளைகளுள்ள வீடுகளுக்கு மாதச் சம்பளத்தைத் துறப்பது எத்தகையது என்பதை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. குழுவின் பெயரும் ‘டெலிரியஸ்’ என மாறியது. பெயரின் ஈற்றில் ஒரு கேள்விக்குறியையும் சேர்த்துக்கொண்டனர், விசித்திரந்தான்.

1997இல் வெளிவந்த ‘கிங் ஒவ் ஃபூல்ஸ்’ இசைத்தொகுப்பு பிரித்தானியத் தரவரிசையில் முதல் இருபது இடங்களுக்குள் நுழைந்தது. 2001இல் பொன் ஜோவி என்னும் புகழ்பெற்ற ரொக் குழுவின் நிகழ்ச்சிகளுக்கு முன்னிசை வழங்கும் வாய்ப்பும் கிட்டியது. நெருடல் இங்கேதான். சபை மண்டபத்தில் மக்களின் செபமாயிருந்த பாடல், விளையாட்டரங்கில் ஐவரின் நிகழ்ச்சியாகிவிடுகிறது. கேட்போர் கைதட்டுகின்றனர், ஆனால் பாடுகின்றனரா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் ஆறாம் அத்தியாயத்தை வாசித்துப் பாருங்கள். குழல் ஓகனுக்கு அது தனிமதிப்பு அளிக்கிறது. எனினும் உரிய திரு அதிகாரிகளின் இசைவோடு ஏனைய கருவிகளுக்கும் வாயிலைத் திறந்துவைக்கிறது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபைப் போற்றவும் பணிக்கிறது. யாவற்றிற்கும் மேலாக, மக்கள் தாமே பாடவேண்டும் என்பதில் அது உறுதியாயிருக்கிறது. ஆகவே ட்ரம்சா, ஆர்மோனியமா என்று வாதிடுமுன், ஒலிபெருக்கியின் இரைச்சலில் முன்வரிசைப் பாட்டியாரின் குரல் அமிழ்ந்துபோகின்றதா என்று கேட்பதே முறை என்பது எம் எண்ணம். நால்வர் குரலிற் பாடும் தேர்ந்த குழாமும் மக்களை வாய்மூடச் செய்யவல்லது. கிற்றாருக்கு மட்டும் உரிய குற்றமன்று இது.

இக்குழுவினரைத் தடம்மாறச் செய்தது இந்தியப் பயணம். மும்பையின் பாலியற் தொழிற் பகுதியிலுள்ள பெண்களின் பிள்ளைகளைப் பராமரிக்கும் பணியை மார்ட்டின் நேரிற் கண்டார். அங்கிருந்து மீண்டவருக்குப் பாடலெழுதுவது முன்போல் இலகுவாயிருக்கவில்லை. 2008இல் வந்த ‘கிங்டம் ஒவ் கொம்பர்ட்’ என்னும் தொகுப்பு, வசதியில் உறங்கும் தம் சொந்த வாழ்வையே கேள்விக்குட்படுத்தியது. அவ்வாண்டு ஜனவரியில் அவர் பன்னிரு பாடலாசிரியர்களை ஸ்கொட்லாந்தில் ஒன்றுகூட்டினார். கூடி இயற்றிய பாடல்களின் உரிமைத்தொகை முழுவதும் வறியோருக்கே என்பது அவர்களின் உடன்படிக்கை. ‘கொம்பாஷன்ஆர்ட்’ என்னும் அறப்பணி அவ்வாறு உருவாயிற்று. பெயரும் பணமும் குறித்துப் பிணக்குறுவது இசையுலகில் வழமை. அங்கே பன்னிருவரும் இரண்டையும் ஒருசேர விட்டுக்கொடுத்தனர்.

அதே ஆண்டு ஜூலையில் குழு கலையும் செய்தி வெளியாயிற்று. பல்லாண்டுகளாக நாடுநாடாய்ச் சுற்றிய மார்ட்டின், வீட்டிலே மனைவி மக்களோடு கூடுதலாக இருக்க விரும்பினார். ஆறு பிள்ளைகளின் தந்தை அவர். இறைபணி என்னும் பெயரால் வீட்டுக்கு வராத தந்தையரைக் கண்ட குடும்பங்களுக்கு இம்முடிவின் பெறுமதி புரியும். 2009 நவம்பர் 29ஆம் நாள் லண்டன் ஹமர்ஸ்மித் அரங்கில் இறுதி நிகழ்ச்சி நடந்தேறியது.

குழு கலைந்த பின்னர் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 2010 உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில், பிரித்தானியக் கிறிஸ்தவர்கள் தமக்குள் பேசிவைத்து அவர்களின் பழைய பாடலான ‘ஹிஸ்டரி மேக்கர்’ஐ இணையத்தில் விலைகொடுத்துப் பெற்றனர். குழு இயங்கிய காலத்தில் ஒருபோதும் எட்டாத நான்காம் இடத்தை அப்பாடல் தரவரிசையில் அடைந்தது. ரிம் ஜப் 2009இல் தொடங்கிய ‘பிக் சேர்ச் டே அவுட்’ என்னும் திறந்தவெளி விழா, பல சபையினரையும் ஒரே புற்றரையிற் கூட்டியது. கிற்றார் கலைஞர் கராட், மலைப்பொழிவின் பேறுகளை மையமாகக்கொண்ட பாடற்றொகுப்பொன்றை 2017இல் வெளியிட்டார்.